பட்டியும் வட்டையும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிறது. சம்மாந்துறைப் பக்கம், நிந்தவூர்ப் பக்கம், அட்டாளைச்சேனைப் பக்கம் எங்கும் இதுவே காட்சி. இந்த வயற்பரப்பை எங்கள் பகுதியில் வட்டை என்பார்கள். அறுவடை முடிந்த பின் ஒரு மாலைப் பொழுதில் அவ்வழியே சென்றால் ஆங்காங்கே புகை எழுவதைக் காணலாம். அறுவடை இயந்திரம் கக்கிவிட்டுப் போன வைக்கோலை வயற்காரர் கொளுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் தயங்காமற் காரணம் சொல்வார்கள். அடுத்த போகத்துக்கு நிலத்தை உழவேண்டும். வைக்கோல் கலப்பையிற் சிக்குகிறது. அதைக் கூட்டிக் கட்டி ஏற்றிச் செல்லக் கூலி கட்டுப்படியாகாது. ஒரு தீக்குச்சியோடு காரியம் முடிந்துவிடுகிறது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அதே மாலையிற் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தாய் பால்மாப் பொதியைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, இதிலும் சிறிய பொதி உண்டா என்று கேட்கிறாள். பால் தரவேண்டிய மாடோ, அந்தப் புகைக்கும் இந்தக் கடைக்கும் நெடுந்தொலைவில், காட்டோரத்தில், விலா எலும்பு தெரிய நிற்கிறது. புகையும் பால்மாவும் மெலிந்த மாடும் ஒரே கதையின் மூன்று பகுதிகள். அக்கதையையே இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முன்னாளில் இக்கரையில் நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் இரண்டு தொழில்களாக இருக்கவில்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்குப் பட்டியும் இருந்தது. சேற்று வயலை எருமைகள் மிதித்துப் பண்படுத்தின. அறுத்துக் குவித்த சூட்டை எருமைகளே மிதித்து நெல்லைப் பிரித்தன. மாரி மழையோடு விதைப்புத் தொடங்கும்போது பட்டிகள் வயலை விட்டு மேற்கே மேட்டுநிலத்துக்கும் காட்டோரத்துக்கும் ஓட்டிச் செல்லப்படும். அறுவடை முடிந்ததும் அவை திரும்பி வந்து தாளை மேய்ந்து, அந்த நிலத்துக்கே எருவை இட்டுச் செல்லும். இன்ன மாடு இன்னாருடையது என்று காட்டக் குறி சுடுவார்கள். குறியைக் கண்டே குடியைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இப்போதும் சிலர் இருக்கிறார்கள். எருமைப் பால் மண்முட்டியிலே தயிராகிச் சந்தைக்கு வந்தது. எருமைப் பாலிலே கொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு. பசுப்பாலில் நான்கு பங்களவே. புரதமும் அதில் மிகுதி. எனவே தயிர் கட்டியாக உறைகிறது. மிஞ்சிய நீரை மண்முட்டி உறிஞ்சிக்கொள்கிறது. முட்டியின் வெளிப்புறத்தில் அந்த ஈரம் ஆவியாகும்போது தயிர் குளிர்ந்தும் இருக்கிறது. அத்தயிரின் சுவையைப் பற்றி வானொலியிற் பேசிப் பயனில்லை. சோற்றில் ஊற்றித்தான் அறியவேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படிக் குலைந்தது? யாரும் திட்டமிட்டுக் குலைக்கவில்லை. 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் வரத் தொடங்கியது. முன்பு மழையை நம்பி ஒருபோகம் விளைந்த நிலங்களிற் பல இருபோகம் விளைந்தன. அது பெருநன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் சிறுபோகத்திலும் வயல் பச்சையாக இருந்தால் பட்டி எங்கே திரும்பி வருவது? போவதற்கும் இடம் குறைந்தது. மேட்டுநிலங்களும் குடியேற்றங்களாகவும் வயல்களாகவும் மாறின. உழவு இயந்திரம் வந்தபின் எருமைக்கு வயலில் வேலையும் இல்லாமற் போயிற்று. பின்னர் முப்பதாண்டு யுத்தம் காட்டோரத்துப் பட்டிகளை அழித்தது. இவ்வளவுக்கும் மேலாக, எங்கள் கரையோர ஊர்களின் நெருக்கத்தைச் சொல்லவேண்டும். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் சுவரோடு சுவர் உரச வீடுகள் நிற்கின்றன. ஓர் ஆட்டைக் கட்டுவதற்கே இடம் தேடவேண்டியிருக்கும்போது மாட்டைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

நிந்தவூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரோடு சில காலத்துக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய தந்தையார் பெரும் பட்டி வைத்திருந்தவர். இப்போது அவரிடம் எஞ்சியவை இருபதுக்கும் குறைவு. "காக்கா, நோய் கண்டு குறைந்ததா?" என்று கேட்டேன். "மாட்டுக்கு நோய் ஒண்டுமில்ல தம்பி, நிக்கத்தான் இடமில்ல" என்றார்.

நிற்க இடமில்லை என்பது சிறு சொல்லாயினும் அதனுள்ளே பெரும் பிணக்குகள் அடங்கியுள்ளன. அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் மேற்கே வட்டமடு என்னும் நிலப்பரப்பைப் பற்றி நேயர்கள் செய்திகளிற் கேட்டிருப்பீர்கள். அது மேய்ச்சற்றரை என்கிறார்கள் கால்நடை வைத்திருப்போர்; நாங்கள் பல்லாண்டு விதைத்து வந்த வயல் என்கிறார்கள் உழவர்கள்; காப்புக்காடு என்கிறது வனத்திணைக்களம். கால்நடையாளரிற் பெரும்பாலோர் தமிழர், உழவரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால், புல்லைப் பற்றிய வழக்கு இனத்தைப் பற்றிய வழக்காகத் தோற்றமளிக்கத் தொடங்கிவிட்டது. இந்நிலம் எவருக்குரியது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது நீதிமன்றங்களும் அரசாங்கமும் செய்யவேண்டிய வேலை. ஆனால் ஒன்றைச் சொல்வேன். மாடு தன் உணவைத் தானே நடந்து தேடவேண்டும் என்ற முறை நீடிக்கும் வரை, எந்தத் தீர்ப்பு வந்தாலும் பிணக்கு வேறோர் இடத்தில் முளைக்கும். இனி மாட்டைத் தேடி உணவு போகவேண்டும்.

அந்த உணவு எங்கே இருக்கிறது? நான் முதலிற் சொன்ன புகையிலே இருக்கிறது. சிறிது கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் விளையும் நெல்லின் நிறையளவுக்கு ஏறத்தாழ வைக்கோலும் விளைகிறது. நடுத்தர விளைச்சலில் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு தொன் எனக் கொள்ளலாம். அறுவடை இயந்திரம் உயரத்தில் அறுப்பதால் பாதி தாளாக நின்றுவிடுகிறது என்றாலும், இருபோகமும் சேர்த்து ஓர் ஏக்கரிலிருந்து ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாமற் சேகரிக்கலாம். நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ வைக்கோல் தின்னும் ஒரு மாட்டுக்கு அது ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குப் போதுமானது. ஆக, ஏக்கருக்கு ஒரு மாட்டின் ஆண்டுணவை நாம் ஒரு மாலைப்பொழுதில் எரித்துவிடுகிறோம்.

வைக்கோலிற் சத்து இல்லையே என்பார்கள். உண்மைதான். அதிலுள்ள புரதம் நூற்றுக்கு நான்கு பங்களவே, நாரும் கடினமானது. வெறும் வைக்கோலைத் தின்னும் மாடு உயிரோடிருக்கும்; பால் தராது. ஆயினும் இக்குறையை நீக்கும் வழியொன்று விஞ்ஞானிகளால் நன்கு ஆராயப்பட்டுள்ளது. இலங்கையிலும் பல்லாண்டுகளுக்கு முன்னரே அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வயலுக்கு இடும் அதே யூரியாவே மருந்து. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா. அதை 80 முதல் 100 லீற்றர் நீரிற் கரைக்கவேண்டும். வைக்கோலை ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, அடுக்குத்தோறும் இக்கரைசலைப் பூவாளியால் தெளித்து, நன்கு மிதித்து, மேலே காற்றுப் புகாதபடி பொலித்தீன் விரிப்பால் மூடிவிடவேண்டும். எங்கள் வெப்பத்திற் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அது பதமாகிவிடும். உள்ளே நிகழ்வது இதுதான்: யூரியா அமோனியா வாயுவாக மாறுகிறது, அவ்வாயு வைக்கோலின் நார்களை இறுகப் பிணைத்திருக்கும் கட்டைத் தளர்த்துகிறது, அதனால் மாட்டின் முதலாம் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்த நாரைச் சிதைப்பது எளிதாகிறது. அமோனியாவிலிருந்து வரும் நைதரசனைக் கொண்டு அதே நுண்ணுயிர்கள் புரதத்தையும் ஆக்கிக்கொள்கின்றன. அப்புரதமே பின்னர் மாட்டுக்குப் பயன்படுகிறது. வைக்கோலின் புரத அளவு ஏறத்தாழ இருமடங்காவதோடு, மாடு முன்னிலும் அதிகமாகத் தின்னவும் செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூரியாவை நேரே தின்றாலும், கரைத்த நீரைக் குடித்தாலும் மாடு சில மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும். யூரியா மூட்டையும் கரைத்த வாளியும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலும் ஆகாது. அவற்றின் இரைப்பை இன்னும் முதிர்ந்திருக்காது. தவறிக் குடித்துவிட்டால் வினாகிரியைக் குளிர்ந்த நீருடன் கலந்து புகட்டிக்கொண்டே மிருக வைத்தியருக்கு ஆளனுப்பவேண்டும்.

வைக்கோல் அடிப்படை உணவு. பாலுக்குப் பசும்புல்லும் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உண்டாக்கிய கோ-3 என்னும் புல் இலங்கையிற் பரவலாக நடப்படுகிறது. கரும்பு போலக் கரணை வெட்டி நடலாம். இரண்டு இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு. பிறகு ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளுக்கொருமுறை வெட்டிக்கொண்டே இருக்கலாம். வாய்க்கால் ஓரம், வரம்பின் அகன்ற பகுதி, தென்னந்தோட்டத்து இடைவெளி எல்லாம் இதற்கு ஏற்றவை. கறக்கும் பசுவுக்கு வெப்ப நாளில் ஐம்பது லீற்றர் வரை தண்ணீரும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலிலே நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் நீர்தானே!

இவ்விடத்தில் நவீனம் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நவீனம் என்றால் பெரிய மாடு என்று நினைத்து இந்நாடு ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. 2017ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சினைப்பசுக்கள் ஆயிரக்கணக்கிற் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கேற்ற தீனியும் தட்பவெப்பமும் நோய்க்காப்பும் இல்லாமற் பல இறந்தன. கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர் பலர் கடனோடு எஞ்சினர். புல்லை முதலில் நட்டு, கொட்டிலை அடுத்துக் கட்டி, மாட்டைக் கடைசியில் வாங்கவேண்டும். அங்கே வரிசை தலைகீழாயிற்று. எங்கள் கரைக்கு உகந்தது உள்ளூர்ப் பசுவைச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலால் சாகிவால் அல்லது ஜேர்சி இனத்தோடு கலந்து படிப்படியாக உயர்த்துவதே. எருமைக்கு முரா இனம் நன்று. நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் கறக்கும் பசுவின் நாகு ஐந்தாறு லீற்றர் கறந்தால் அதுவே ஒரு வீட்டின் நிலையை மாற்றப் போதும்.

கொட்டில் என்று சொன்னேன். திறந்த வெளியில் மழையிலும் பனியிலும் நின்று வளர்வதே மாட்டுக்கு இயற்கை என்று வாதிடுவோர் 2022 டிசெம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் இரண்டொரு நாளில் மடிந்தன. வயிறு காய்ந்து, உடம்பிற் கொழுப்பில்லாமல், ஒதுங்கக் கூரையுமில்லாமல் நின்ற பிராணிகளைக் குளிர் எளிதில் வென்றது. தென்னோலைக் கூரையும் காற்றுப் பக்கத்துக்கு ஒரு தட்டியும் இருந்திருந்தால் அவற்றுள் எத்தனையோ பிழைத்திருக்கும்.

நோய்த்தடுப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 1987இல் இலங்கைக்குள் மீண்டும் புகுந்து பட்டிகளை வாரிச் சென்ற மாட்டம்மை நோய், தடுப்பூசியால் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது என 2011இல் அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக இவ்வாறு முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் அதுவே. 2020இல் வடபகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட தோற்கழலை நோய்க்கும் தடுப்பூசி உண்டு. ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று சிலர் மாட்டை ஒளித்துவைக்கிறார்கள். பால் ஓரிரு நாள் சிறிது குறையலாம். நோய் வந்தால் மாடே குறைந்துவிடும்.

ஊசி என்றதும் நினைவுக்கு வருகிறது. இறைச்சிக் கோழிக்கு ஓமோன் ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும் கோழியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அவ்வளர்ச்சிக்குக் காரணம் பல தலைமுறை இனத்தெரிவும் அளந்து கொடுக்கும் தீனியுமே. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாளருக்கும் ஆளும் பணமும் இல்லை. நோய்க்கு அன்றி வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனியிற் கலப்பதும், மருந்து கொடுத்தபின் உரிய நாட்கள் கழியுமுன் பாலையோ இறைச்சியையோ விற்பதும் உண்மையான தீங்குகள். கேள்வி கேட்பதாயின் அதைக் கேட்கவேண்டும்.

இனிப் பாலுக்கு வருவோம். இந்நாட்டிலே பாற்பொருளின் தேவையிற் பாதியளவுகூட உள்நாட்டில் உற்பத்தியாவதில்லை. எஞ்சியது பெரும்பாலும் நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து மாவாக வருகிறது. 2021ஆம் ஆண்டிலே வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது அம்மா மறைந்தது. தாய்மார் வரிசையில் நின்றார்கள். ஒக்டோபரில் 400 கிராம் பொதி 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவாக உயர்ந்து, அடுத்த ஆண்டில் அதையும் தாண்டிப் போயிற்று. அதே ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, நெல் விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. பசளையின் அருமையும் பாலின் அருமையும் ஒரே ஆண்டில் எங்களுக்கு விளங்கின.

பால் நெடுந்தூரம் போகமுடியாமைக்குக் காரணம் அதன் இனிமையே. கறந்த பாலில் விழும் நுண்ணுயிர், எங்கள் வெப்பத்தில் அரைமணிக்கொருமுறை இரட்டிக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒன்றாயிருந்தது பத்து மணிக்கு இருநூற்றுக்கு மேல். நான்கு பாகைக்குக் குளிர்த்தினால் அப்பெருக்கம் அநேகமாக நின்றுவிடுகிறது. எனவே பட்டிகள் உள்ள இடத்துக்கு அண்மையிலே குளிரூட்டும் கொள்கலன் உள்ள சேகரிப்பு நிலையம் இருக்கிறதா என்பதே கால்நடையாளரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அது இல்லாத இடத்தில் வியாபாரி சொன்னதே விலை. ஒரே ஒரு லீற்றர் கெட்ட பால் கொள்கலன் முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், சேகரிப்பவர் பாலைச் சோதிப்பதைக் கண்டு கோபிக்கவும் கூடாது.

குஜராத்திலே ஆனந்த் என்னும் ஊரில் இப்படித்தான் தொடங்கிற்று. வியாபாரி வைத்த விலைக்குப் பால் விற்க மறுத்த உழவர்கள் 1946இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1949இல் அங்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் அதை நடத்திச் சென்றார். அவர்களிடம் இருந்ததும் எருமைப் பாலே. எருமைப் பாலை மாவாக்க இயலாது என்று மேனாட்டு நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள்; 1955இல் ஆனந்த் தொழிற்சாலை அதைச் செய்து காட்டிற்று. இரண்டு எருமை வைத்திருந்தவரும் அங்கே பங்காளர். 1998அளவில் இந்தியா உலகிலே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று.

நாம்பன் கன்றுகளைப் பற்றியும் மறைக்காமற் பேசவேண்டும். பசு கன்று ஈன்றாற்றான் பால் தரும். ஈனும் கன்றுகளிற் பாதி நாம்பன். உழவுக்கும் வண்டிக்கும் மாடு வேண்டாத காலத்தில் அந்த நாம்பனும் கறவை நின்ற பசுவும் விலைபோகும் வழி இறைச்சிச் சந்தையே. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, முஸ்லிம் ஊர்களில் அது உணவையும் குர்பான் கடமையையும் பற்றிய கவலையாக எழுந்தது. ஆனால் பாற்பண்ணை வைத்திருக்கும் எந்தச் சமயத்தவருக்கும் அதில் ஒரு கேள்வி இருந்தது: பயன் தராத மாட்டுக்குப் பத்தாண்டு தீனி போடுவது யார்? தீனி போட முடியாதவன் அதைத் தெருவில் விடுவான், அது பிறர் வயலில் மேயும், வெடிச்சத்தம் கேட்கும். மாட்டிறைச்சி உண்ணாத எங்கள் அயலவரின் உணர்வை மதிக்கவேண்டும். அறுப்பிடங்கள் தூய்மையாகவும் மறைவாகவும் இருக்கவேண்டும். லொறியில் மாடுகளை அடுக்கிக் கொண்டுசெல்லும் கொடுமை நிற்கவேண்டும். சினைப்பசுவை அறுப்பவனை ஊரே தடுக்கவேண்டும். இவையெல்லாம் செய்யத்தக்கவை. பண்ணைக் கணக்கின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபக்கம் மட்டும் கூடவேண்டும் என்பதோ நடவாது.

இத்தனையும் கேட்ட நிந்தவூர்க் காக்கா ஒரு கேள்வி கேட்டார். "வைக்கல அள்ளிக்கிட்டுப் போனா வயலுக்கு என்ன மிஞ்சும் தம்பி?" நல்ல கேள்வி. வைக்கோலிற் பொட்டாசு உண்டு. அதைக் கொண்டுசென்றால் நிலம் மெலியும். ஆகையால் வைக்கோல் போன வழியே எரு திரும்பி வரவேண்டும். வயற்காரர் வைக்கோலைத் தரட்டும்; கொட்டிற்காரர் விதைப்புக்கு முன் எருவைக் கொண்டுவந்து கொட்டட்டும். முன்னர் மாடுகள் தம் காலால் செய்த கொடுக்கல் வாங்கலை இனி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் செய்யவேண்டியிருக்கிறது. கமக்காரர் அமைப்பும் கால்நடை வளர்ப்போர் சங்கமும் போகத் தொடக்கக் கூட்டத்தில் ஒன்றாக அமர்ந்து, எந்தக் கண்டத்து வைக்கோல் எந்தக் கொட்டிலுக்கு, எத்தனை பெட்டி எரு எந்த வயலுக்கு என்று எழுதிக்கொள்ளலாம். பங்குனியில் அறுவடை முடிந்து, நிலம் ஈரமாகுமுன் வைக்கோலைக் கட்டியாகவேண்டும்; மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை யூரியாவும் காப்பாற்றாது. மூடிய குவியலைத் திறந்தவுடன் மாட்டுக்குப் போடலாகாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, காற்றாடப் பரப்பி, அமோனியா நெடி தணிந்தபின் கொடுக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிறிது பசும்புல்லோடு கலந்து வைத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.